ரெண்டு பக்கம் தள்ளி

இந்தப் பையுங்களா? மேல வெக்க வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு சின்னப் புத்தகம், கையெழுத்துப் போட்ட காயிதம் ஒண்ணு, அவ்வளவுதான். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பல்லடம் வரைக்குங்களா? அப்ப நேரங்கெடக்குது. நான் சிங்காநல்லூர்.

தாராபுரத்துக்கு ஒரு கையெழுத்து வாங்க வந்தனுங்க. வாங்கியாச்சு. வந்த காரியம் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னுதானே சொல்லோணும்.

ஏனுங்க, நீங்க கம்ப்யூட்டர்ல கேம் ஆடுவீங்களா? இல்லீங்களா? பரவால்ல. நான் சொல்றது இப்பத்தக் கேம் இல்ல. தொண்ணூத்தியாறுல நாங்க ஒண்ணு பண்ணுனோம். நாங்கன்னா நானும் சேவியரும். காந்திபுரத்துல ஒரு லாட்ஜுக்கு மேல ரூம், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். கேமுக்குப் பேரு 'ஏழாம் நம்பர் எஸ்டேட்'. சுடறது, அடிக்கறது, காரோட்டறது ஒண்ணும் கெடையாது. வால்பாறைல ஒரு டீ எஸ்டேட்டுங்க, அதோட மேனேஜர் காணாமப் போயிட்டாரு. அவரு பங்களாவுல நீங்க தனியா நிக்கறீங்க. படத்துல எங்க வேணும்னாலும் மௌஸ வெச்சு அமுத்தலாம். மேசைய அமுத்துனா டிராயர் தொறக்கும், டிராயர்ல சாவி இருக்கும், அந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு நீங்கதான் யோசிக்கோணும். ஆட்டமே யோசிக்கறதுதானுங்க.

புரோக்ராம் நான். படமெல்லாம் சேவியர். மொதல்ல காயிதத்துல வாட்டர் கலர்ல வரைவான், அப்பறம் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு புள்ளியா வெப்பான். அன்னைக்குப் பதினாறே கலருங்க. அந்தப் பதினாறுல வால்பாறை மழையக் கொண்டாந்துட்டான். பங்களா ஜன்னலுக்கு வெளிய பேஞ்சுட்டே இருக்கும். அதப் பாத்துட்டு நான் நெசமா ரூமு ஜன்னல மூடப் போனேன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நான் போகல. அவன் அப்படித்தான், ஒண்ணுன்னா ரெண்டாச் சேத்துச் சொல்லுவான். நல்ல பையன். எனக்கு அவனக் கண்டா நெம்பப் புடிக்கும். இதச் சொல்லிப்போடறேன் மொதல்லயே, பொறகு நீங்க வேற மாதிரி நெனச்சுக்கக் கூடாது.

அப்ப எல்லாம் பிளாப்பிதானுங்க. ஒருத்தன் வாங்குனா ஊரே காப்பி போட்டுக்கும். அதுக்கு நான் ஒரு பூட்டு வெச்சேன். என்ன பூட்டுன்னா, கேம் டப்பாவோட ஒரு சின்னப் புத்தகம் வரும், மேனேஜரோட டைரின்னு. கொஞ்சம் ஆடுனதும் பங்களாவுல டெலிபோன் அடிக்கும். எடுத்தா எக்ஸ்சேஞ்ச் அம்மா கேக்கும், டைரியில பன்னெண்டாம் பக்கத்துல மொத வார்த்தை என்னன்னு. ஒருக்காப் பன்னெண்டு கேக்கும், ஒருக்கா முப்பது கேக்கும். புத்தகத்தப் பாத்து அடிச்சா மேல போகலாம். தப்பா அடிச்சா அந்தம்மா போன வெச்சுரும், ஆட்டம் அதோட நின்னுரும். பிளாப்பியக் காப்பி போடறவன் புத்தகத்துக்கு எங்க போவான்? எல்லாரும் மெச்சுனாங்க.

நாங்க கேம் எழுதுன சாஃப்ட்வேர் எப்படி வந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். அது ஒரு சிநேகிதன் சிங்கப்பூர்ல இருந்து காப்பி போட்டுக் கொண்டாந்தது. அது வேற சமாச்சாரமுங்க. அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான்.

மொத ஐநூறு டப்பாவும் தீவாளிக்குள்ள போயிருச்சு. ரெண்டாவது தடவ அச்சுப் போடறதுக்குள்ள எங்கப்பா தவறிட்டாரு. மில்லுல ஃபிட்டருங்க. கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது, ஆனா என் கேம் டப்பாவச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாரு. அவரு படத்தப் புத்தகத்துல மொதப் பக்கத்துல போடோணும்னு எனக்கு ஆசை. நம்ம பக்கம் கல்யாணப் பத்திரிகைலயே காலமானவங்க படத்தப் போடறோம், இதுல போட்டா என்ன? நல்ல போட்டோ ஒண்ணுங்கூட இல்ல. மில்லு கார்டுல ஸ்டாம்பு சைஸ்ல ஒண்ணு இருந்துச்சு. சேவியர் அதப் பாத்துப் பென்சில்ல வரைஞ்சான், ஒரே பகல்ல. எங்கப்பா வாய ஒரு பக்கமாக் கோணிச் சிரிப்பாரு. கார்டுல அது இல்ல. அவனாத்தான் ஞாபகத்துல இருந்து வெச்சான். எங்கம்மா அந்தப் படத்தக் கைல வாங்கிட்டு அப்படியே உக்காந்துருச்சு.

சிவகாசியில அச்சு. புத்தகத்துக் கடைசில ஒரு தாளு வெத்தாக் கெடந்துச்சுங்க. அத முன்னாடி கொண்டாந்து, இந்தப் பக்கம் அப்பா, அதுக்குப் பின்னாடி வெள்ளைன்னு போடச் சொன்னேன். போட்டுக் குடுத்தாங்க. அழகா வந்திருந்துச்சு. ஆயிரம் பிரதி.

அதுக்கப்பறந்தான் போன் வர ஆரம்பிச்சுது. 'சார், டெலிபோன் அம்மா கேக்கற வார்த்தையப் போட்டா தப்புங்குது.' தெனமும் ரெண்டு, மூணு. எனக்குச் சட்டுனு புரிஞ்சுபோச்சு. புத்தகம் இல்லாம வாய்க்கு வந்ததப் போடறானுங்க. 'அசலு புத்தகத்துக்குத் தொறக்கும், திருடனுக்குத் தொறக்காது'ன்னு சொல்லி வெச்சுருவேன். ஈரோட்டுல இருந்து கரண்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர், ரசீது வெச்சிருக்கனுங்கன்னு கெஞ்சுனாரு. ரசீது எவன் வேணும்னாலும் அடிக்கலாமுங்கன்னேன். நானும் சும்மா சொல்லலீங்க. என் புத்தகத்த எடுத்து வெச்சு ஆடிப் பாத்தேன், மூணு தடவ. மூணு தடவையும் தொறந்துச்சு.

லெட்டர் வந்தா சேவியர்தான் பாப்பான். எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை இல்ல. அவன் வரைஞ்சுட்டே நடுவுல நடுவுல கார்டு எழுதிப் போடுவான். என்ன எழுதறான்னு நான் கேட்டதில்ல.

ஒரு நாள் அவன் சாப்பாட்டுக்குப் போயிருக்கறப்போ தபால்காரர் ஒரு கார்டத் திருப்பிக் கொண்டாந்தாரு, விலாசம் சரியில்லைன்னு. சேவியர் எழுத்து. இன்னைக்கும் ஒரு சொல்லு மறக்கல எனக்கு. 'அன்பு நண்பருக்கு, டெலிபோன்ல கேக்கற பக்கத்துல இருந்து ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்க. தொறந்துரும். இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம், எங்க ஆபீஸுக்கும் போன் பண்ண வேண்டாம்.'

நீங்களே சொல்லுங்க. நான் வெச்ச பூட்டு. அத எப்படித் தொறக்கறதுன்னு என் கூட்டாளி முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எழுதறான். எழுதீட்டு, ஆபீஸுக்குச் சொல்லாதேங்கறான். நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? அந்த வாரந்தான் கடைத்தெருவுல ஒருத்தன், உங்க கேமு எல்லாக் கடையிலயும் காப்பியா ஓடுதே தங்கவேலுன்னு கேட்டிருந்தான். ரெண்டையும் கூட்டுனேன். கேமயும் வித்துப்போட்டு, பூட்டுக்கு வழியும் சொல்லிக் குடுக்கறான்னு முடிவு பண்ணிட்டேன்.

அவன் சாப்புட்டுக் கை கழுவீட்டு வந்தான். கார்ட மேசை மேல போட்டேன். என்னடா இதுன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அதையும் நான் அப்ப வேற மாதிரித்தான் எடுத்துக்கிட்டேன்.

'எத்தனை பேருத்துக்கு வித்த?'

'புத்தகத்த எடு வேலு,' அப்படின்னான். 'மொதப் பக்கத்தப் பாரு.'

மொதப் பக்கத்துல எங்கப்பா இருக்கறாரு. செத்து நாலு மாசங்கூட ஆகல. அவரு மூஞ்சியக் காட்டி என்னச் சமாதானம் பண்ணப் பாக்கறான்னு எனக்கு ஆத்திரம் தலைக்கேறிப் போச்சுங்க. அறைஞ்சுபோட்டேன். டைப் அடிக்கற புள்ள ஒண்ணு அங்கயே உக்காந்திருந்துச்சு, அதுக்கு முன்னாடியே. அவன் கன்னத்தக்கூடத் தடவல. பிரஷ்ஷு, பென்சிலெல்லாம் எடுத்துப் பையில போட்டான். மேசை மேல பாதி வரைஞ்ச படம் கெடந்துச்சு, அத எடுக்கல. எறங்கிப் போனான்.

அதோட விட்டிருக்கலாம். விடல. கோயமுத்தூர்ல இருக்கற கம்ப்யூட்டர் சென்டர் அத்தனைக்கும் போன் பண்ணிச் சொன்னேன், சேவியருக்கு வேலை குடுக்காதீங்க, உள்ள இருந்தே விப்பான்னு. மிச்சமிருந்த டப்பாவுல அவன் பேரு மேல வெள்ளைத் தாள் ஒட்டுனேன். நானே ஒட்டுனேன், ஒவ்வொண்ணா. அவன் பொண்டாட்டி ஊருன்னு தாராபுரத்துக்குப் போயிட்டான். ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார் ஆனான்னு கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டரு பக்கமே போகலையாமா.

நம்ம கம்பெனியும் பொறகு நிக்கல. படம் போட வேற ஆளு வெச்சேன், ஒருத்தனுக்கும் மழை வரல. இப்ப நான் பேட்டரி கடை வெச்சிருக்கறேன், பீளமேட்டுல. யூபிஎஸ் பேட்டரி. நல்லாப் போகுது.

போன வருசம் பெங்களூர்ல இருந்து அபர்ணான்னு ஒரு பொண்ணு கூப்புட்டுச்சு. அவங்க மூணு நாலு பேரு சேந்து இந்த மாதிரிப் பழைய கேமா எடுத்து, இப்பத்தக் கம்ப்யூட்டர்ல ஓட வெச்சு மறுபடி வெளிய விடறாங்களாமா. 'சார், உங்க எஸ்டேட் கேமத் தேடிட்டிருக்கறவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியாது' அப்படின்னுச்சு. நான் புரோக்ராம் அச்செடுத்து வெச்ச காயிதம் இல்ல, கரையான் தின்னுருச்சு. பிளாப்பி மட்டும் பீரோவுக்குள்ள அந்துருண்டை போட்டு வெச்சிருந்தேன். போதும் சார்னு அதுலயே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.

அப்படியே போட்டா இப்பத்தக் கம்ப்யூட்டர்ல தாங்காத வேகமுங்க. பங்களா கடியாரத்து முள்ளு கண்ணுக்கே தெரியல. பங்களாக் காவல் நாயி இங்க இருக்குதுன்னா அங்க இருக்குது. சேவியர் மழை ஒரு வருசத்து மழைய ஒரு நிமிசத்துல கொட்டித் தீத்துருது. அத ஒண்ணொண்ணாப் புடிச்சு நிறுத்தி, பழைய வேகத்துக்குக் கொண்டாந்தாங்க. பொறுமையான பசங்க. டெலிபோன் பூட்டையும் எடுக்க மாட்டோம், பழசு பழசாவே இருக்கோணும்னாங்க. ஆடறவங்களுக்கு டைரி வேணுமே? என்கிட்ட இருந்தது ஒத்தப் பிரதி, மொத அச்சுல வந்தது, அதத் தபால்ல அனுப்ப எனக்கு மனசில்ல. காரைக்குடியில ஒருத்தர் பத்திரமா வெச்சிருந்திருக்கறாரு, அவரு ஸ்கேன் எடுத்து அனுப்பீட்டாரு.

போன மாசம் கடையில இருக்கறேன், அபர்ணா கூப்புடுது. 'சார், டெலிபோன் சீன்ல மாட்டிக்கிட்டேன். பன்னெண்டாம் பக்கம் மொத வார்த்தையப் போட்டா தப்புன்னு வெச்சுடறாங்க.'

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? 'நல்லாப் பாத்து அடிம்மா, அசலு புத்தகத்துக்குத் தொறக்கும்'னேன். இருபத்தெட்டு வருசங்கழிச்சும் அதே வார்த்தை வருது வாயில.

பத்து நிமிசத்துல மறுபடி கூப்புட்டுச்சு. 'சார், கண்டுபிடிச்சுட்டேன். முன்னாடி ஒரு பெரியவர் படம் இருக்கில்ல? பிரஸ்ல அந்தத் தாளையும் சேத்து ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்காங்க. அதுல எல்லாமே நகந்துடுச்சு. ரெண்டு பக்கம் தள்ளிப் பாத்தா சரியா இருக்கு சார்.'

நான் ஒரு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தீட்டிருந்தேன். அது வழிஞ்சு போயிட்டே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து என் புத்தகத்தையும் ரெண்டாவது அச்சுல எடுத்த அந்த ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டாவது அச்சு வாங்குன ஆயிரம் பேருத்துல ஒருத்தருக்குங்கூட என் பூட்டு தானாத் தொறந்திருக்காதுங்க. அத்தனையும் அசலு வாங்குனவங்க. அந்தக் கரண்ட் ஆபீஸ்காரர் கையில இருந்தது நல்ல ரசீது.

சேவியருக்கு இது லெட்டர் வந்த மொத வாரமே தெரிஞ்சிருக்கும். அவன் வரைஞ்ச படம், அவனுக்குத் தெரியாதா? உங்கப்பன் படத்தப் போட்டதுலதாண்டா எல்லாம் கெட்டுச்சுன்னு, அப்பனப் புதைச்ச ஈரம் காயாத என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டான். மூடிக்கிட்டு, கேட்டவங்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தருக்கா கார்டு எழுதியிருக்கறான். அடுத்த அச்சுல என்கிட்டச் சொல்லாமலே சரி பண்ணீரலாம்னு இருந்திருப்பான்.

பிரஸ்ஸுக்காரனத்தான் மொதல்ல சொல்லோணும் நான். நம்பர மாத்தறவன் ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா? சேவியருமே வாயத் தொறந்து சொல்லீருக்கலாம். சொன்னான், இல்லைன்னு சொல்லல. மொதப் பக்கத்தப் பாருன்னான். அதுக்கு மேல நான் விடல.

அபர்ணா கேட்டுச்சு, ரெண்டு பக்கத்து வார்த்தையையும் ஏத்துக்கற மாதிரிப் பண்ணீரட்டுமா சார், இந்தக் கதையையும் ஒரு குறிப்பாப் போட்டா ஆடறவங்களுக்குச் சுவாரசியமா இருக்கும்னு. வேண்டாம்மா, அந்தக் கேள்வியையே எடுத்துப்போடுன்னேன். எடுத்துட்டாங்க. இப்ப பங்களாவுல டெலிபோன் அடிக்கறதே இல்லீங்க. ஆனா சேவியர் பேரப் போடச் சொல்லீட்டேன். என் பேருக்குக் கீழ, படம்னு போட்டு. அதுல நான் ஒண்ணும் குறை வெக்கல.

படத்துக்கு அவனோட அனுமதி வேணுமுங்க. அவன் செத்து மூணு வருசமாச்சு, மஞ்சக்காமாலை. அதனால அவன் பொண்டாட்டி லூர்துகிட்டக் கையெழுத்து. தபால்ல வாங்கிக்கலாம் சார்னுதான் பெங்களூர்ல சொன்னாங்க. நான்தான் நேருல போறேன்னேன். எதுக்குப் போனேன்? சொல்லத்தாங்க போனேன். பஸ்ஸுல வரவர சொல்லிப் பாத்துட்டே வந்தேன்.

அமராவதி ஆத்துக்குப் பக்கத்துல வீடு. லூர்து அங்கன்வாடியில இருந்து ரிட்டயர் ஆயிருச்சு. தலையெல்லாம் வெள்ளை. நான் படலத் தள்ளிட்டு உள்ள போறேன், ஒரு நிமிசம் நின்னு பாத்துச்சு. 'வாங்ணா'ன்னுச்சு. அப்படிக் கூப்புடும்னு நான் நெனைக்கல. காப்பி வெச்சுக் குடுத்துச்சு. காயிதத்தக் காட்டுனேன், படிக்காமயே கையெழுத்துப் போட்டுச்சு.

பொறகு உள்ள போயி ஒரு அட்டைப் பெட்டியக் கொண்டாந்து வெச்சுச்சு. பெட்டி நெறைய கார்டு. 'நண்பர் சேவியருக்கு, கதவு தொறந்துருச்சு, நன்றி.' 'சார், ரெண்டு பக்கம் தள்ளிப் பாத்தேன், வந்துருச்சு.' எல்லாம் அப்படி. ஈரோட்டுக்காரர் கார்டும் அதுல இருந்துச்சு.

'இதெல்லாம் என்னன்னு அவரு கடைசி வரைக்கும் சொல்லலீங்ணா,' அப்படின்னுச்சு. 'வேலு ஒரு நாளைக்கு அவனாவே பாப்பான், பாத்தான்னா வருவான், நீயாப் போயி ஒண்ணும் கேக்காதேன்னு மட்டும் சொல்லுவாரு. நீங்க வந்துட்டீங்க. அதனால கேக்கறேன். என்னத்தங்ணா பாப்பீங்கன்னு சொன்னாரு?'

நான் காப்பி டம்ளரப் பாத்துட்டிருந்தேன்.

'எங்க அண்ணமாருங்க அவர வீட்டுக்குள்ள சேக்கலீங்ணா, கூட்டாளி சொத்த வித்தவன்னு. அத நான் தாங்கிக்கிட்டேன். ஆனா ஒரு நாள் நானே கேட்டுப்போட்டனுங்ணா. நெசமா வித்தீங்களான்னு. அவரு ரெண்டு நாளு சோறு உங்கல. வித்துத்தான் இருப்பாரோன்னு அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்ணா.'

வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அந்த அட்டைப் பெட்டி, சுவத்துல அவன் படம், மாலை போட்டு. அதுக்குப் பக்கத்துல மாதா படம். லூர்து வெறுங்கையோட நிக்குது எனக்கு முன்னாடி.

'அவன் படத்தச் சொல்லீருப்பாம்மா,' அப்படின்னேன். 'எவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கறேன்னு ஒரு நாள் பாப்பான்னு. நெசமாலுமே நல்ல படம்மா.'

'அதாங்ணா?'

'அதுதாம்மா.'

அது தலைய ஆட்டிக்கிச்சு. பெட்டிய மூடுச்சு. உங்களுக்கு ஆகுமான்னு கேட்டு, சேவியரோட சொந்தப் புத்தகத்த எடுத்துக் குடுத்துச்சு. பையில இருக்கறது அதுதானுங்க. பாருங்க. எங்கப்பா. இந்த வாய்க் கோணல் பாத்தீங்களா, அது அவன் வெச்சது. இதுக்கு மட்டும் நம்பர அடிச்சு உட்டுட்டான். அடுத்த தாளுல இருந்து பென்சில்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு புதுசாப் போட்டிருக்கறான், கடைசிப் பக்கம் வரைக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கோணும். அப்பா பக்கத்தக் கணக்குல சேக்காம விட்டிருந்தா போதும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்துச்சுங்க. நீங்க பாத்திருப்பீங்க, ஜன்னலுக்குக் கீழ வெயில்ல ஒரு அம்மா நின்னுட்டிருந்துச்சே, அதுதான். பஸ் எடுக்கக் கால் மணி நேரமாச்சு. வேற ஒண்ணும் இல்லீங்களாண்ணான்னு மறுபடி கேட்டுச்சு. வெயிலா இருக்குது, நீ போம்மான்னேன். போகல. வண்டி நகர்ற வரைக்கும் என் வாயவே பாத்துட்டு நின்னுச்சு.

என்னங்க பெரிய பேச்சு? 'லூர்து, சேவியர் விக்கல. தப்பு பண்ணுனவன் நான்.' இவ்வளவுதான் சொல்லோணும். பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு சுளுவா வந்துருச்சு.

பல்லடம் வந்துருச்சு, எறங்குங்க. பை ஒண்ணும் விட்டுறலையே? என்னங்க? எதுத்தாப்புல தாராபுரம் பஸ் நிக்குதுங்களா? ஆமா, நிக்குது. நான் எதுக்குங்க திரும்பிப் போறேன், கையெழுத்துத்தான் வாங்கியாச்சே.